அசோக மரத்துக்கு ஒரு பாலம்

பிப்ரவரி 4, இரவு

அக்கா,

நலமா என்று கேட்டால் நீயும் திருப்பிக் கேட்பாய். எனக்குப் பொய் எழுத வராது. அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நம் அசோக மரம் சாகிறது.

நீ போன பிறகு எட்டு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. உன் பெயரை வீட்டில் எடுக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். போன் அவர் சட்டைப் பையை விட்டு இறங்குவதில்லை. இந்த விலாசத்தைப் பள்ளிக்கு எதிரே கடை வைத்திருக்கும் தையல் அத்தை கொடுத்தாள். பதிலை அவள் கடைக்கே போடு. ரவிக்கைத் துணிகளுக்கு நடுவில் ஒளித்து வைத்துக் கொடுப்பாளாம். "உங்க அப்பன் கோவில் பூச்செடியைத் தவிர எதையும் திரும்பிப் பார்க்க மாட்டான். பயப்படாம எழுதுடி" என்றாள்.

சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். முன்னறையில் அப்பா குறட்டை விடுகிறார். குறட்டை நின்றால் நானும் நிறுத்திவிடுவேன். எழுத்து நடுவில் கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

மரத்தைச் சொல்கிறேன். கொழுந்து விடும்போது செம்பு நிறத்தில் ஈரத்துணி மாதிரி தொங்குமே, தூங்கும் கிளிகள் என்று நீ சொல்வாயே, அது இந்த முறை தொங்கியபடியே காய்ந்துவிட்டது. பழுக்காமலே இலை கொட்டுகிறது. பூ வந்தது, ஆனால் மஞ்சளிலிருந்து சிவப்புக்குப் போகாமல் பாதியில் உதிர்ந்துவிட்டது. நம் வீட்டு ஜன்னலுக்கு நேரே அது நிற்பதால் படுத்தாலும் எனக்குத் தெரிகிறது. கண்ணை மூடினால் இன்னும் நன்றாகத் தெரிகிறது. இப்போதெல்லாம் எனக்குத் தலை லேசாகச் சுற்றிக்கொண்டே இருப்பதால், மரமும் கோவிலும் தண்ணீருக்கு அடியில் இருப்பது போல மெதுவாக அசைகின்றன.

காய்ந்த மரம் கோவிலுக்கு ஆகாது, இந்த மாதம் முடியட்டும், வெட்டிவிட்டு வேறு வைத்துக்கொள்ளலாம் என்று கோவில் மேனேஜர் சொல்லிவிட்டார். அப்பா தினமும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுகிறார்.

அக்கா, அது என்னால்தான். தொடக் கூடாத நாட்களில் தொட்டேன். ஐந்து மாதமாக, ஒவ்வொரு மாதமும் அந்த நாட்களில்தான் தொட்டேன். ஏன் என்று கேட்காதே.

தொட்டால் மரம் சாகுமா? ஆம், இல்லை என்று மட்டும் எழுது.

குறட்டை நின்றுவிட்டது

---

பிப்ரவரி 9

அடி வத்தல்,

இல்லை.

நீ கேட்டது அவ்வளவுதான். ஆனால் எட்டு மாதம் கழித்து வந்த கடிதத்துக்கு ஒரே வார்த்தையில் பதில் போட நான் என்ன மேனேஜரா?

இங்கே நாற்றுப் பண்ணையில் நாங்கள் ஒன்பது பெண்கள். காலையிலிருந்து மாலை வரை மண்ணும் கையுமாக, ஆளுக்கு இருநூறு ஒட்டுக்கன்று கட்டுகிறோம். மாதத்தில் எந்த நாளைப் பார்த்தாலும் எங்களில் இரண்டு பேருக்காவது அந்த நாள்தான். தொட்டதற்கெல்லாம் செடி சாகும் என்றால் எங்கள் முதலாளி எப்போதோ கடையை மூடியிருப்பார். உன் கேள்வியை மட்டும் பக்கத்தில் கன்று கட்டுகிறவளிடம் சொன்னேன், உன் பெயரைச் சொல்லவில்லை. "அப்போ எனக்கு மாசம் அஞ்சு நாள் லீவு வாங்கிக் குடு" என்கிறாள்.

அதுவும் அசோக மரம்! உங்கள் பள்ளிக்கூட வாசலில் குச்சி மாதிரி நெட்டையாக நிற்பதை எல்லோரும் அசோகு என்கிறார்கள். அது வேறு, நெட்டிலிங்கம். கோவிலில் இருப்பதுதான் உண்மையான அசோகு. பெண்ணின் கால் பட்டால்தான் பூக்கும் என்று பழைய காலத்தில் நம்பினார்கள். சலங்கை கட்டிய காலால் செல்லமாக ஓர் உதை விட்டால் பூத்துவிடுமாம். கால் பட்டால் பூக்கிற மரம் உன் சுண்டுவிரல் பட்டா சாகும்?

அது ஏன் சாகிறது என்று எனக்குத் தெரியும். சிமெண்ட். நீயும் பார்த்தாய்தானே? சுற்றிவர வருகிறவர்கள் காலில் சேறு படக் கூடாதென்று மேனேஜர் சொல்ல, அப்பா தன் கையாலேயே தூரை ஒட்டித் தளம் போட்டார். வேர் மூச்சுவிட வேண்டாமா என்று கேட்டேன். "சம்பளம் குடுக்கறவங்க சொல்றாங்க, செய்யறேன்" என்றார். பத்துப் பேர் முன்னால் நான் சொன்னது தப்புத்தான். "முப்பது வருஷமா தோட்டக்காரன்னு சொல்லிக்கறீங்களே, வெட்கமா இல்ல?" என்று கேட்டிருக்கக் கூடாது. ஆனால் அதற்குப் போடி வெளியே என்றா சொல்வார்? என் பிணத்தைப் பார்க்கவும் வராதே என்றா?

பார், நடந்துவிட்டது. இதை அவரிடம் சொல். வேண்டாம், சொல்லாதே. இல்லை, சொல். சிமெண்டாக இருக்குமோ என்று உனக்கே தோன்றியது போலச் சொல். நான் சொன்னேன் என்று சொல்லாதே.

தலை சுற்றுகிறது என்று எழுதியிருக்கிறாய். ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? நீ ஏன் தொட்டாய் என்று கேட்கக் கூடாதுதான். கேட்கிறேன்.

அக்கா

---

பிப்ரவரி 15, இரவு

அக்கா,

உன் கடிதத்தைத் தையல் அத்தை ஒரு பச்சை ரவிக்கைக்குள் சுருட்டிக் கொடுத்தாள். கழிவறையில் நின்று படித்தேன். "இல்லை" என்ற வார்த்தையைப் பார்த்ததும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அன்று ஒரு நாள் முழுக்க நான் நல்லவளாக இருந்தேன்.

அப்பாவிடம் சொன்னேன். சோறு போடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே, "சிமெண்டா இருக்குமோப்பா" என்றேன். அவர் கை பாதியில் நின்றது. கேட்காதது மாதிரி எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டார்.

மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பும்போது கடப்பாரைச் சத்தம். தளத்தை உடைத்துக்கொண்டிருந்தார். மேனேஜர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து, "யாரைக் கேட்டு உடைக்கிறே?" என்றார். "யாரையும் கேக்காம போட்டதுதான் தப்பு" என்றார் அப்பா. நிமிரக்கூட இல்லை. மூன்று நாள் உடைத்தார். உள்ளங்கையில் தோல் உரிந்துவிட்டது. துணி சுற்றிக்கொண்டு உடைத்தார். சாயங்காலம் அந்தச் சிமெண்டுக் கற்களுக்கு நடுவில் உட்கார்ந்து, "பெரியவ சொன்னா. கேக்கல. என் கையாலயே கொன்னுட்டேன்" என்றார். என்னிடம் சொல்லவில்லை. மரத்திடம் சொன்னார். நான் பின்னால் நின்றேன்.

நேற்று என் நோட்டில் ஒரு தாள் கேட்டார். வேலையை விடுகிறேன் என்று மேனேஜருக்கு எழுதப் போகிறாராம். வேலை போனால் இந்த வீடும் போகும். அதைவிட, அப்பா சோறு சாப்பிடுவதில்லை.

எனக்கு நிம்மதியாக இருக்க வேண்டும்தானே? நீ ஜெயித்துவிட்டாய், நான் தப்பித்துவிட்டேன். ஆனால் அது சிமெண்ட் இல்லை, அக்கா. உன் ஜெயிப்பை உன்னிடமிருந்து எடுக்கிறேன், மன்னித்துக்கொள்.

நீ போன பிறகு எனக்கு அந்த நாட்கள் ஐந்தோடு நிற்கவில்லை. எட்டு, ஒன்பது, ஒரு மாதம் பதின்மூன்று. வகுப்பில் எழுந்து நிற்கவே பயம். அம்மா இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். நீ இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேன். அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

மரத்தடியில் தகரப் பலகை இருக்கிறதே, நீ பத்தாவது படிக்கும்போது எழுதியது. அதைப் பல தடவை படித்தேன். "பட்டை: பெண்களின் பெரும்பாடு தீர்க்கும்." தையல் அத்தையிடம் பெரும்பாடு என்றால் என்ன என்று கேட்டேன். நிற்காமல் போகிற உதிரப்போக்கு என்று அவள் சொன்னதும், அந்த மரம் எனக்காகவே ஜன்னலுக்கு எதிரில் நிற்பது போலத் தோன்றியது.

விடியும் முன் அப்பா பூ பறிக்கப் போவார். அந்த நேரத்தில் பென்சில் சீவும் கத்தியோடு போவேன். தேவைப்படுவது அந்த நாட்களில்தானே, அதனால்தான் அந்த நாட்களில் தொட்டேன். மரத்தின் இடுப்பில் வேண்டுதலுக்குச் சுற்றிய மஞ்சள் துணி இருக்கிறதல்லவா? பழையதை யாரும் அவிழ்ப்பதில்லை, அதன் மேலேயே புதிது கட்டுவார்கள். அதைத் தூக்கிவிட்டு அடியில் உரித்தேன். வெளியே தெரியக் கூடாதென்று மேலேயும் கீழேயும் போகாமல் பக்கத்திலேயே உரித்தேன். நான்கு விரல் அகலம். முதல் மாதம் ஒரு துண்டு, அடுத்த மாதம் அதை ஒட்டி இன்னொன்று. பாலில் கொதிக்கவைத்துக் குடித்தேன். தொண்டைக்கு என்று அப்பாவிடம் சொன்னேன். முதல் மாதம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. பிறகு இல்லை. இன்னும் நிறைய வேண்டுமோ என்று நினைத்தேன்.

ஜனவரியில், சுற்றி வந்து முதலில் உரித்த இடத்திலேயே போய் முட்டியது. கோடு கொஞ்சம்கூடக் கோணவில்லை. வளையல் மாதிரி இருந்தது. ஒரு வேலையை ஒழுங்காக முடித்ததுபோலத் திருப்தியாகக்கூட இருந்தது, அக்கா.

அதற்கு அடுத்த வாரம்தான் இலை கொட்டத் தொடங்கியது.

பட்டை மறுபடி வளராதா? கையில் தோல் வளர்கிறதே.

வ.

---

பிப்ரவரி 19

கண்ணம்மா,

முதலில் நீ. மரம் அப்புறம்.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே தையல் அத்தையைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ. பெண் டாக்டர் இருப்பார். எனக்கு எழுதியதை அப்படியே சொல். இது நோய், உன் வயதில் பலருக்கு வருகிறது, மருந்து இருக்கிறது. அந்தப் பட்டை மருந்துக்குப் போவது உண்மைதான். அதற்காகக் காட்டு அசோகையெல்லாம் உரித்தே தீர்த்துவிட்டார்கள். ஆனால் எவ்வளவு, எத்தனை நாள், யாருக்கு என்று தெரிந்தவர்கள் பார்த்துக் கொடுக்க வேண்டும். பலகையைப் பார்த்துக் குடிப்பதற்கில்லை. அந்தப் பலகையைக் கோவில் ஆபீஸில் இருந்த பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதினேன். எழுத்து அழகாக வர வேண்டும் என்று மட்டும்தான் அன்று எனக்குக் கவலை.

நீ பதின்மூன்று நாள் என்று எழுதியதைப் படித்துவிட்டு நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு மணி நேரம் கன்று கட்டவில்லை. முதலாளி கேட்டார், கண்ணில் தூசி என்றேன். நான் அந்த வீட்டை விட்டு வரும்போது அப்பாவுக்குப் பதில் சொல்வதைப் பற்றித்தான் நினைத்தேன். உன்னைப் பற்றி நினைக்கவில்லை.

இனி மரம். பயப்படாமல் படி. இலை சமைக்கிறதை வேருக்குக் கொண்டுபோகிற வழி பட்டைதான். ஒரு பக்கம் உரித்தால் மறுபக்கம் வழி இருக்கும். நீளவாக்கில் எடுத்தால்கூட மரம் தாங்கிக்கொள்ளும். நீ சுற்றி எடுத்துவிட்டாய். எல்லா வழியும் அடைபட்டுவிட்டது. மேலே சாப்பாடு இருக்கிறது, கீழே வேர் பட்டினி. வெளியே தெரியக் கூடாது என்று ஒழுங்காகச் செய்தாய் பார், அந்த ஒழுங்குதான் கெடுத்தது. அங்கங்கே கோணல்மாணலாகப் பிய்த்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

ஆனால் பாலம் போடலாம். தூரில் வளையத்துக்குக் கீழே புதுக் கிளை முளைத்திருக்கிறதா பார். பென்சில் கனத்தில் அதிலிருந்து குச்சி எடுத்து, இரண்டு முனையையும் சீவி, ஒரு முனையைக் கீழ்ப்பட்டைக்குள்ளும் இன்னொன்றை மேல்பட்டைக்குள்ளும் செருகி, மெழுகு பூச வேண்டும். மூன்று விரலுக்கு ஒன்றாகச் சுற்றிலும். பிடித்துக்கொண்டால் அந்தக் குச்சிகள் வழியாக வேருக்குச் சாப்பாடு போகும். மாமரத்தில் செய்திருக்கிறேன். அசோகில் செய்ததில்லை. மேல்கிளையை நகத்தால் கீறிப் பார். உள்ளே பச்சையாக இருந்தால் இன்னும் நேரம் இருக்கிறது.

இதைத் துணிக்கு அடியில் ஒளித்துச் செய்ய முடியாது. அப்பாவுக்குத் தெரிய வேண்டும். நீதான் சொல்ல வேண்டும். நான் எழுதினால் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு என்னைத்தான் திட்டுவார். நானாக வரவும் மாட்டேன். வராதே என்றவர் வா என்று சொல்லட்டும்.

மரம் சாகக் கிடக்கும்போது இப்படி எழுதுகிறேனே என்று எனக்கே தெரிகிறது. தெரிந்துதான் எழுதுகிறேன்.

அக்கா

---

பிப்ரவரி 23, இரவு

அக்கா,

கிளை பச்சையாக இருக்கிறது. மூன்று கிளையைக் கீறிப் பார்த்தேன், மூன்றும் பச்சை. தூரில் ஐந்து குச்சி முளைத்திருக்கிறது.

சொல்லிவிட்டேன்.

முதல் தடவை சொல்லப் போனபோது "அப்பா" என்றேன். "என்ன?" என்றார். "உப்பு போதுமா?" என்று கேட்டேன். இரண்டாம் தடவை, "அப்பா, மரம்" என்றேன். "அதைப் பத்திப் பேசாதே கண்ணு" என்றுவிட்டார். மூன்றாம் தடவை வாயால் முடியாது என்று தெரிந்துவிட்டது. இன்று காலை அவர் வாளியோடு வந்தபோது நான் முன்னாலேயே அங்கே நின்று, மஞ்சள் துணியின் முடிச்சை அவிழ்த்தேன். மேலிருந்தது, அதற்கு அடியிலிருந்தது, அதற்கும் அடியிலிருந்தது, எல்லாம். கடைசித் துணி விழுந்ததும் வளையம் தெரிந்தது. காய்ந்து, எலும்பு நிறத்தில்.

அப்பா வாளியை இறக்கி வைத்தார். உள்ளங்கையை அதன் மேல் வைத்து, மெதுவாக மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். தினமும் ஜனங்கள் சுற்றுவது மாதிரிதான். ஆனால் கை எடுக்கவில்லை. நான் நின்ற இடத்துக்கே திரும்பி வந்ததும், "நீயா?" என்றார்.

"ம்."

"எதுக்கு?"

பலகையைக் காட்டினேன். உனக்குத் தெரியுமே, அப்பா எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். விரலை வைத்துப் படித்தார். காற்று இல்லை, ஒரு சத்தமும் இல்லை, அவர் வாய் மட்டும் அசைந்தது. அந்த ஒரு வரியைப் படித்து முடிக்க எத்தனையோ வருஷம் ஆனதுபோல இருந்தது. அந்த வார்த்தைக்கு வந்ததும் விரல் அங்கேயே நின்றது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

பிறகு அவரே, "எங்கிட்ட எப்படிச் சொல்லுவே" என்றார்.

எனக்குத் திட்டு விழும் என்று நினைத்தேன். வா என்று கூட்டிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரிக்கு! தையல் அத்தையையும் வழியில் கூப்பிட்டுக்கொண்டார். அவள் என்னோடு உள்ளே வந்தாள், அவர் வெளியே பெஞ்சில் இருந்தார். ரத்தம் ஏழுதான் இருக்கிறதாம், பன்னிரண்டு இருக்க வேண்டுமாம். "இந்த லட்சணத்துல மரம் வேற ஏறினியா?" என்று டாக்டரம்மா கேட்டார். ஏறவில்லை, உரித்தேன் என்றேன். மாத்திரை கொடுத்திருக்கிறார், இரண்டு வகை. கறுப்பு மாத்திரையைச் சாப்பிட்டபின் டீ குடிக்கக் கூடாதாம். பத்து நாள் கழித்து மறுபடி வரச் சொன்னார்.

திரும்பி வந்ததும் அப்பா மேனேஜரிடம் போனார். பட்டை உரிந்திருக்கிறது, சரிசெய்யலாம், வெட்ட வேண்டாம் என்றார். "எவன் உரிச்சது?" என்று மேனேஜர் குதித்தார். "என் வீட்டுலதான். என்னைக் கேளுங்க" என்றார் அப்பா. மழைக்காலம் வரை பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார்கள். ராஜினாமாத் தாளில் கறுப்பு மாத்திரையை மடித்து வைத்திருக்கிறோம்.

சாயங்காலம் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஒட்டுப்போடத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா..." என்றார்.

"அக்காவுக்குத் தெரியும்."

நான் எழுந்து போகப் போனேன்.

"அந்த ஊர் பஸ் இங்க எத்தனை மணிக்கு வருது?" என்றார்.

இது வா என்று சொன்னதாகுமா, ஆகாதா? எனக்குத் தெரியவில்லை. நீயே முடிவு பண்ணு. சீக்கிரம் பண்ணு.

வ.

---

பிப்ரவரி 26

வத்தல்,

சனிக்கிழமை காலை ஏழரை பஸ்.

தேன்மெழுகு கால் கிலோ, முக்கால் அங்குல ஆணி ஒரு பொட்டலம், பழைய சைக்கிள் டியூப். கத்தி என்னிடம் இருக்கிறது. தூரில் முளைத்த குச்சிகளை நான் வரும்வரை யாரும் தொடக் கூடாது. அப்பா ஆர்வத்தில் வெட்டி வைத்துவிடப் போகிறார்.

மரத்துக்காகத்தான் வருகிறேன் என்று அவரிடம் சொல்.

வேண்டாம். பஸ் நேரத்தை மட்டும் சொல்.

அக்கா

---

ஏப்ரல் 5, பகல் பதினொரு மணி

அக்கா,

நீ வந்து போன பிறகு எழுதும் முதல் கடிதம். ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை. அப்பா தோட்டத்தில் இருக்கிறார், எந்த நேரமும் உள்ளே வரலாம். வந்தால் வரட்டும்.

அந்த இரண்டு நாளும் எனக்குக் கனவு மாதிரிதான் இருக்கிறது. நீயும் அப்பாவும் மரத்தைத் தவிர வேறு எதையும் பேசவில்லை. "கத்தி." "இந்தா." "கொஞ்சம் அழுத்திப் பிடிங்க." "பிடிச்சிருக்கேன்." அதையே நூறு தடவை. நடுவில் ஒரு தடவை அவர், "கை நல்லா வந்திருக்கு" என்றார். குச்சியைச் சொன்னாரா உன்னைச் சொன்னாரா என்று நீ இரவு என்னிடம் கேட்டாய். நான் தூங்குவதுபோல இருந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன், உன்னைத்தான்.

அந்த ஐந்து குச்சியைத் துண்டாக்கிப் போட்ட பன்னிரண்டு பாலத்தில் நான்கு காய்ந்துவிட்டன. எட்டு பச்சையாக இருக்கின்றன. மேலே இலை கொட்டுவது நின்றிருக்கிறது. பிழைத்துவிட்டது என்று அப்பா சொல்லமாட்டேன் என்கிறார். "கண்ணு படாம இரு" என்று மரத்தைத்தான் அதட்டுகிறார். சிமெண்டை உடைத்தது வீண் இல்லை, வேருக்குக் காற்று கிடைத்தது என்று நீ சொல்லிவிட்டுப் போனதை மட்டும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்.

எனக்கு ரத்தம் ஒன்பதரை. பன்னிரண்டுக்கு இன்னும் தூரம், ஆனாலும் தரை இப்போது தரையாக இருக்கிறது. சில இரவுகளில் படுத்துக்கொண்டு காதைக் கொடுப்பேன். எட்டுக் குச்சிகள் வழியாக ஏதோ சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்குவது கேட்கிற மாதிரி இருக்கும். மரத்திலா எனக்குள்ளா என்று தெரியாமலே தூங்கிப்போவேன்.

நேற்று நடந்ததைச் சொல்ல வேண்டும். காலையில் அப்பா ஜன்னலுக்கு வெளியே நின்று கூப்பிட்டார்.

"கண்ணு, கிழக்குப் பக்கம் மூணாவது குச்சியில கொழுந்து வந்திருக்கு. பாலத்துல இலை விட்டா கிள்ளிடணும்னு பெரியவ சொன்னா. என் விரல் தடிமன், குச்சியே அசைஞ்சிடும். நீ வா."

நான் எழுந்திருக்கவில்லை. "இன்னிக்கு நான் அங்க வரக் கூடாதுப்பா" என்றேன்.

அவர் புரிந்துகொண்டார். முகத்தைத் திருப்பி மரத்தைப் பார்த்தார், கோவில் கதவைப் பார்த்தார், ஆபீஸ் பக்கம் பார்த்தார். நான் பாவாடை நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தேன்.

"நாளைக்கு வரைக்கும் அது காத்துக்கிட்டா இருக்கும்? இலையா விரிஞ்சிடும்" என்றார். பிறகு கொஞ்சம் சத்தமாக, ஆபீஸுக்கும் கேட்கிற மாதிரி, "வா வா, செருப்பைக் கழட்டிட்டு வா" என்றார்.

போனேன். கோவிலுக்குப் பூக்கட்டுகிறவள் பார்த்தாள், சுற்றிக்கொண்டிருந்த இரண்டு பேர் பார்த்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் எனக்குப் பக்கத்தில் குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொழுந்து அரிசி அளவுதான் இருந்தது. தான் ஒரு தனி மரம் என்று அது நினைத்துக்கொண்டிருந்தது. கிள்ளிவிட்டேன். குச்சி அசையவில்லை.

இப்போது வடக்குப் பக்கத்துக் குச்சியிலும் ஒன்று கண் திறக்கிறது. அதை என்ன செய்வதென்று உன்னிடம் கேட்டு எழுதச் சொன்னார் அப்பா. எப்படிக் கிள்ளுவது என்று எங்களுக்குத் தெரியும். தெரியாது என்று எழுதச் சொன்னார்.

வத்தல்